யாருக்கு வந்த வண்டி

ஆகஸ்ட் மாதம் வந்தால் இந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களுக்கு என் ஞாபகம் வந்துவிடும். கொடியேற்ற ஓர் ஆள் வேண்டும். மண்ணூரிலேயே ஒரு பழைய போர் விமானி குடியிருக்கும்போது வேறு யாரைத் தேடுவார்கள்? கொடியேற்றி மிட்டாய் கொடுத்து முடித்ததும் எப்படியும் ஒரு பிள்ளை எழுந்து, சண்டையில் பறக்கும்போது பயமாக இருக்காதா என்று கேட்கும். வேலை மும்முரத்தில் பயப்பட நேரம் ஏது என்பேன். கை தட்டுவார்கள். நான் சொன்னது முழுப் புளுகு.

பயந்தேன். ஒவ்வொரு முறையும் பயந்தேன். பறப்பதற்கு அரை மணி முன்னால் விமானக் கொட்டகைக்குப் பின்புறம் போய் வாந்தி எடுப்பேன். என் விமானத்தைப் பார்த்துக்கொண்ட மெக்கானிக் தண்ணீர் பாட்டிலை அங்கே ஒரு டிரம் மேல் வைத்துவிட்டு வேறு திசையில் வானிலை பார்ப்பதுபோல நிற்பார். பிறகு என்னை இருக்கையில் வாரால் இறுக்கிக் கட்டுவார். ஆபத்தில் ஆளை வெளியே தூக்கி எறியும் இருக்கை அது. தரையில் இருக்கும்போது தவறி வெடித்துவிடாமல் இருக்க அதில் பாதுகாப்பு ஊசிகள் செருகியிருக்கும். அவற்றை ஒவ்வொன்றாக உருவி உள்ளங்கையில் வைத்துக் காட்டுவார். நான் எண்ணித் தலையாட்ட வேண்டும். எங்களுக்குள் வேறு பேச்சு கிடையாது. அந்த எண்ணிக்கை முடிந்தால்தான் எனக்கு மூச்சு சீராகும்.

மலையில் நடந்த அந்தப் போரில் எங்கள் வேலை, உச்சிகளில் எதிரி பதுங்கியிருந்த இடங்களைக் குண்டு போட்டு உடைப்பது. மேலேயிருந்து பார்த்தால் வெள்ளை வேட்டியில் சிந்திய கடுகு மாதிரி இருக்கும். அந்தக் கடுகிலிருந்துதான் ஒருவன் தோளில் வைத்துச் சுடுகிற ஏவுகணையை விடுவான். ஒரு புகைக்கோடு கிளம்பும். அதைப் பார்த்த பிறகு யோசிக்க நமக்கு நேரம் இல்லை. நான் கண்டுபிடித்த ஒரே வைத்தியம், பயத்துக்கு ஒரு வேலை கொடுப்பது. வேகம் எவ்வளவு, உயரம் எவ்வளவு, எரிபொருள் எவ்வளவு என்று மீட்டர்களை வாய்விட்டுப் படித்துக்கொண்டே இருப்பேன். படிக்கிற வரைக்கும் பயம் சும்மா இருக்கும்.

என்னோடு ஜோடியாகப் பறந்தவன் ஒரு நாள் திரும்பி வரவில்லை. புகைக்கோட்டை நான் பார்த்தேன், அவனுக்குச் சொல்லவும் சொன்னேன். பதில் வரவில்லை. தரையிறங்கி உடையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்திருந்த என்னைத் தளபதி அழைத்து, அவன் வீட்டுக்குப் போக வேண்டும், நீயும் வா என்றார்.

இது படைக்குள் இருக்கிற வழக்கம். அப்படிப்பட்ட செய்தியைப் போனில் சொல்லக் கூடாது. வெள்ளைக் காரில் சீருடையோடு நேரில் போக வேண்டும். கூட ஒரு மருத்துவரும் ஒரு பெண்ணும் இருக்க வேண்டும். உரியவரைத் தவிர வேறு யாரிடமும் வாயைத் திறக்கக் கூடாது. குடியிருப்பில் இருக்கிற மனைவிமார் அத்தனை பேருக்கும் இந்த முறை தெரியும். அதனால் பகலில் அந்தக் கார் தெருவுக்குள் நுழைந்தால் ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரு முகம் இருக்கும். எந்த வீட்டு முன்னால் நிற்கிறதோ அந்த வீட்டைத் தவிர மற்ற எல்லா வீட்டுக்கும் உயிர் திரும்பி வரும்.

அவன் மனைவி அடுக்களை ஜன்னல் வழியாக எங்களைப் பார்த்துவிட்டு உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். திறக்க மாட்டேன், போய்விடுங்கள் என்று கதவுக்குப் பின்னாலிருந்து சொன்னாள். இருபது நிமிடம் வெயிலில் நின்றோம். எனக்கு எரிச்சல்தான் வந்தது. உண்மையைச் சொல்ல வேண்டுமல்லவா? கதவைத் திறந்தாலும் திறக்காவிட்டாலும் நடந்தது நடந்ததுதானே, இந்தப் பெண்ணுக்கு இதுகூடவா புரியவில்லை என்று நினைத்தேன். அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை.

படையை விட்டு வந்த பிறகு ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரியாகச் சேர்ந்தேன். கார்களுக்கு இரும்புத் தகடுகளை அச்சில் அழுத்தி வடிவம் கொடுக்கிற இடம். நான் சேர்ந்த புதிதில் ஓர் ஆளுக்கு இரண்டு விரல் போனது. அவருடைய அம்மாவுக்குச் சூப்பர்வைசர் போனில் செய்தி சொன்னார். அந்த அம்மா சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் வாசலில் ஏறிய ஷேர் ஆட்டோவில் போய்க்கொண்டிருந்தாராம். விஷயத்தைப் பாதி கேட்டு, பிள்ளை செத்துவிட்டான் என்று நினைத்து ஓடுகிற ஆட்டோவிலிருந்து இறங்கப் பார்த்திருக்கிறார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அன்றைக்கே உட்கார்ந்து விதி எழுதினேன். பெரிய விபத்து என்றால் போனில் சொல்லக் கூடாது. ஓர் ஆணும் ஒரு பெண்ணும் சீருடையோடு கம்பெனி காரில் வீட்டுக்குப் போக வேண்டும். உரியவரைத் தவிர அக்கம்பக்கத்தில் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. நிர்வாகம் முதலில் சிரித்தது, பிறகு ஒத்துக்கொண்டது. அக்கம்பக்கத்துக் கம்பெனிகள் இரண்டு அதைக் கேட்டு வாங்கிக்கொண்டன. எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

பென்னலூரில் டிபன் கடை வைத்திருக்கும் ஓர் அம்மா ஒரு நாள் தோசை வைத்துக்கொண்டே என்னிடம் சொன்னார்.

"இன்னா சார் ரூல் போட்டுகீற? அந்த வெள்ள வண்டி தெருவுல வந்தாலே வவுத்துல புளியக் கரைக்கிது. ரெண்டு புள்ளைங்க கம்பெனிக்குப் போய்கினு கீது. எந்த வூட்டாண்ட நிக்குமோன்னு பாத்துகினே நிக்கணுமா?"

அவருக்கு நான் மரியாதை, கண்ணியம் என்று என்னவோ விளக்கினேன். அவர் சட்னி ஊற்றிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டார்.

மூன்று வருஷத்துக்கு முன் அந்த வேலையையும் விட்டேன். மண்ணூரில் கீழ்வீட்டில் நானும் மனைவியும் இருக்கிறோம். மாடியை அதே தொழிற்சாலையில் அச்சுப் பிரிவில் வேலை பார்த்த ஒரு பையனுக்கும் அவன் மனைவிக்கும் வாடகைக்கு விட்டிருந்தோம். தென்காசிப் பக்கத்து ஜோடி. அவனுக்குப் பெரும்பாலும் காலை ஷிஃப்ட், அவளுக்கு வேறொரு கம்பெனியில் இரவு ஷிஃப்ட். இரண்டு பேரும் வாரத்தில் ஒரு நாள்தான் சேர்ந்தாற்போல் சாப்பிடுவார்கள். அந்த ஒரு நாள் மாடியிலிருந்து கருவாட்டுக் குழம்பு வாசனை இறங்கும், எங்களுக்கும் ஒரு கிண்ணம் வரும்.

எங்கள் ஒரே மகளும் போர் விமானி. நான் சேரச் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? விமானிகளுக்கான இறக்கைச் சின்னத்தை அவள் சட்டையில் குத்திக்கொண்ட அன்று எல்லோரும் என்னைக் கட்டிப் பிடித்து வாழ்த்தினார்கள். நான் கழிப்பறைக்குப் போய் பழையபடி வாந்தி எடுத்துவிட்டு வந்தேன். எனக்கும் அவளுக்கும் ஓர் ஏற்பாடு உண்டு. பறந்த நாளில், இறங்கின பிறகு போனில் ஒரே ஒரு சொல் அனுப்புவாள்: சாப்பிட்டேன். எங்கிருந்து, எப்போது, எதற்கு என்று ஒன்றும் நான் கேட்கக் கூடாது. அந்தச் சொல்லைப் பார்த்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கும்.

எல்லையில் சண்டை மூண்ட அந்தக் கோடையில் அந்தச் சொல் நின்றுபோனது. முதல் நாள் வரவில்லை. இரண்டாம் நாளும் வரவில்லை. டிவியில் ஆளுக்கு ஆள் கத்திக்கொண்டிருந்தார்கள். தெருக்காரர்கள் என்னிடம் வந்து, அது எப்படி சார், இது எப்படி சார் என்று விளக்கம் கேட்டார்கள். ஊருக்கு உபதேசம் செய்ய என்னிடம் நிறைய இருந்தது. ஆனால் உள்ளே நான் மீட்டர் இல்லாத விமானத்தில் உட்கார்ந்திருந்தேன். படிக்க ஒன்றும் இல்லை, இழுக்க ஒரு விசையும் இல்லை. என் உயிருக்குப் பயந்த நாட்களில் கையில் ஏதாவது வேலை இருந்தது. மகள் உயிருக்குப் பயப்படும்போது சும்மா உட்கார்ந்திருப்பதைத் தவிர ஒன்றும் செய்ய முடியாது. இது அதைவிடப் பெரிய பயம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. என் அம்மா சொல்லியிருக்கலாம். நான் கேட்டதில்லை.

மூன்றாம் நாள் காலை மனைவி கேட்டைப் பூட்டிக்கொண்டு காய் வாங்கப் போயிருந்தாள். பத்து மணி இருக்கும். வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. யாரும் ஹார்ன் அடிக்கவில்லை. கதவுகள் இரண்டு மெதுவாக மூடிக்கொண்டன. படுக்கையறைத் திரையை ஒரு விரல் அகலம் விலக்கிப் பார்த்தேன். வெள்ளைக் கார். கேட்டுக்கு வெளியே ஓர் ஆண், ஒரு பெண். இளநீலச் சட்டை, கருநீலக் கால்சட்டை, தலையில் தொப்பி. விமானப்படை நிறம். இரண்டு பேரும் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்கள். அந்த அசைவை எனக்குத் தெரியும். மணியை அழுத்துவதற்கு முன்னால் நானும் அப்படித்தான் இழுத்துவிட்டுக்கொண்டேன்.

மணி அடித்தது. வீட்டுக்கு ஒரே மணிதான், அது எங்கள் கூடத்தில் இருக்கிறது. மாடிப் படி வெளியே, காம்பவுண்டுக்குள் இருக்கிறது. அதற்குப் போகவும் கேட்டைத் திறந்தாக வேண்டும். மறுபடி மணி அடித்தது. அந்தப் பெண் குரல் கொடுத்தாள்: சார், யாராவது இருக்கீங்களா, கொஞ்சம் கேட் திறங்க. என்ன விஷயம் என்று சொல்லவில்லை. சொல்லக் கூடாது அல்லவா?

நான் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டேன். குழாயை முழுசாகத் திறந்துவிட்டேன். தண்ணீர் சத்தத்தையும் மீறி மணி அடிப்பது கேட்டது. காதைப் பொத்திக்கொண்டு வாளிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தேன். திறக்காத வரைக்கும் என் மகள் எங்கேயோ பறந்துகொண்டிருக்கிறாள். திறந்தால் செத்துவிடுவாள். பைத்தியக்காரத்தனம்தான், ஆனால் அந்த நேரத்தில் அதைவிடத் தெளிவான ஒன்று எனக்கு இருக்கவில்லை. அன்று என் ஜோடி விமானியின் மனைவி தாழ்ப்பாளுக்குப் பின்னால் என்ன செய்துகொண்டிருந்தாள் என்பது எனக்கு விளங்கியது. அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுகூடத் தோன்றியது. இருபத்தைந்து நிமிடம் அப்படியே இருந்தேன். அவர்களும் போகவில்லை. உரியவரைப் பார்க்காமல் திரும்பக் கூடாது என்பதும் விதியில் இருக்கிறது. அதையும் நான்தான் எழுதினேன்.

மனைவி தெரு முனையிலேயே வண்டியைப் பார்த்திருக்கிறாள். ஆனாலும் நடந்தாள். கூடையைக் கீழே வைத்துவிட்டு நேராக அவர்கள் முன்னால் போய் நின்று ஒரே ஒரு சொல் கேட்டிருக்கிறாள். யாருக்கு? அவர்கள் மாடி வீட்டுப் பெண்ணின் பெயரைச் சொன்னார்கள். தொழிற்சாலைச் சீருடையும் அதே நீலம்தான், பயத்தில் எனக்கு அது மறந்தே போயிருந்தது. பதக்கம் எல்லாம் என் பெயரில் இருக்கிறது, தைரியம் அவளிடம் இருக்கிறது.

குளியலறைக் கதவில் அவள் கை தட்டியது.

"நமக்கில்ல. மாடிக்கு."

"அப்பாடா" என்றேன்.

மனதுக்குள் சொல்லவில்லை. வாய்விட்டு, நெஞ்சு நிறையச் சொன்னேன். குளியலறை ஜன்னல் மாடிப் படியைப் பார்த்து இருக்கிறது. குழாயை மூடியபோது படியில் கொலுசுச் சத்தம் கேட்டது. இறங்கி வந்துகொண்டிருந்தது மாடிப் பெண்தான்.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்பார்கள். இங்கே இன்னொருத்தி தலையில் போய் விழுந்திருந்தது. கிரேனில் தூக்கிய இரும்பு அச்சு சரிந்து அவன் மேல் விழுந்துவிட்டது. நெடுஞ்சாலையோரம் இருந்த ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். நீங்களும் வாங்கய்யா, எனக்கு இங்க யாரையும் தெரியாது என்று அவள் என்னைக் கூப்பிட்டாள். அந்த வெள்ளை வண்டியில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். வழியில் லாரிகள் நகராமல் நின்றன. கம்பெனிப் பெண் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

நாங்கள் போனபோது அவனை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோய்க் கால் மணி ஆகியிருந்தது. அதுவரை நினைவோடு இருந்தான், அவ வந்துட்டாளா என்று கேட்டுக்கொண்டே இருந்தான் என்று அவனைக் கொண்டுவந்து சேர்த்த தொழிலாளி சொன்னார். நான் கேட்டைத் திறக்காதது அவருக்குத் தெரியாது, சும்மா சொன்னார். எனக்குக் கணக்குப் புரிந்தது. இருபத்தைந்தில் பதினைந்து போனால் பத்து. பத்து நிமிடம் அவர்கள் இருவரும் பேசியிருக்கலாம். அந்தப் பத்து நிமிடத்தை நான் குழாய் நீரில் விட்டேன்.

மத்தியானம் ஆஸ்பத்திரி நடையில் அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தேன். போன் அதிர்ந்தது. மகளிடமிருந்து ஒரு சொல். சாப்பிட்டேன். எழுத்து கண்ணில் தெரியாமல் கலங்கியது. எழுந்து ஆடலாம் போல இருந்தது. போனைக் கவிழ்த்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். அவன் கண் விழிக்கவில்லை. மறுநாள் சாயங்காலம் போய்விட்டான்.

அவனை ஊருக்குக் கொண்டுபோனார்கள். மாடி பூட்டிக் கிடந்தது. மகள் இப்போது தினமும் பேசினாள், சண்டை நின்றிருந்தது. ஆனால் என் பயம் நிற்கவில்லை, வேறு ஆளைப் பிடித்துக்கொண்டது. மாடிப் பெண் காதில் அந்த அப்பாடா விழுந்ததா, இல்லையா? கேட் பூட்டிக் கிடந்தபோது நான் உள்ளே இருந்தேன் என்று கம்பெனி ஆட்கள் அவளிடம் சொல்லியிருப்பார்களா? மடியில் கனம் இருந்தது. படியில் பூனை இறங்கினாலும் திடுக்கிட்டேன். நீயாகச் சொல்லிவிடு என்றாள் மனைவி. சொல்ல வேண்டும் என்று நினைத்தாலே வாய் உலர்ந்தது. ஏவுகணைக்கு முன்னால்கூட என் வாய் அப்படி உலர்ந்ததில்லை.

ஒன்றரை மாதம் கழித்து அண்ணனோடு வீட்டைக் காலி செய்ய வந்தாள். அண்ணன் பீரோவைக் கட்டி வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார். அவள் கடைசியாகச் சாவியை எடுத்துக்கொண்டு படியிறங்கி வந்தாள். நாலாவது படியில் அவளை நிறுத்தினேன். அன்று நான் வீட்டில்தான் இருந்தேன், மணி கேட்டும் திறக்கவில்லை, என் பெண்ணுக்கு என்று நினைத்து ஒளிந்துகொண்டேன், உனக்கு என்று தெரிந்ததும் அப்பாடா என்றேன். அத்தனையும் சொன்னேன். அவள் என்னை அடித்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன்.

அவள் சாவியை விரலில் மாட்டிச் சுற்றிக்கொண்டே கேட்டைப் பார்த்தாள்.

"நானும் முழிச்சிட்டேன்யா. மொத மணிக்கே. மேல நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

எனக்குப் புரியவில்லை.

"ஒங்க வீட்டு மணியத்தான அடிச்சாவ. சண்ட நடக்குதுல்லா. பாப்பாவுக்குத்தான் என்னமோ ஆயிட்டுன்னு நெனச்சேன்."

சாவியைச் சுற்றுவதை நிறுத்தினாள்.

"அப்பாடான்னு இருந்துச்சு. போயி போர்த்திப் படுத்துக்கிட்டேன்."

சாவியை என் கையில் வைத்தாள். அவள் விரல் ஐஸ் மாதிரி இருந்தது. பாப்பா நல்லாருக்காளா என்று கேட்டாள். தலையை ஆட்டினேன். நல்லாருக்கட்டும் என்று சொல்லிவிட்டு வேனில் ஏறி அண்ணனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். வேன் ஒரகடம் பக்கம் திரும்பிப் போனது.

அன்று மகள் மறுபடி பறக்கத் தொடங்கியிருந்தாள். செய்தி வரவேண்டிய நேரம் தாண்டியும் வரவில்லை. நான் சாவியைக் கையில் வைத்தபடி கேட்டருகே நின்றேன். தெரு முனையில் ஒரு வெள்ளை வண்டி திரும்பியது. இந்த முறை நான் உள்ளே ஓடவில்லை. அது எங்கள் வீட்டைத் தாண்டிப் போக வேண்டும், வேறு எந்த வீட்டில் வேண்டுமானாலும் நிற்கட்டும் என்று வேண்டிக்கொண்டு நின்றேன்.